ஏட்டில் எஞ்சிய பெயர்

பெயரின்றி வாழ்ந்த மனிதர் எவரும் இலர். பெயர் எழுதப்பெற்று மறைந்தவரோ மிகச் சிலர். மன்னர் பெயரைக் கல்வெட்டுக் காத்தது. புலவர் பெயரைச் சுவடி காத்தது. நிலமுடையார் பெயரைப் பத்திரம் காத்தது. உழுதவர், நெய்தவர், வண்டி ஓட்டியவர், அவர்தம் இல்லங்களை ஆண்ட பெண்டிர் ஆகியோர் பெயரைக் காத்தது எது? இவ்வினாவின் பின்னே யாம் சில காலம் நடந்தோம். அந்நடையில் கண்டவற்றை மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மாணவர்களிடம் ஒருமுறை சிறு பணி ஒன்றைத் தந்தோம். தத்தம் குடிவழியை இயன்ற மட்டும் மேல்நோக்கி எழுதி வருமாறு கூறினோம். தந்தை வழியில் நான்கு தலைமுறைப் பெயர்களைப் பலர் எழுதி வந்தனர். தாய் வழியிலோ பெரும்பாலோர்க்குப் பாட்டியோடு தாள் முடிந்துவிட்டது. பாட்டியின் தாய்க்கு என்ன பெயர் என்று வினவியபோது, ‘பெரிய நன்னி என்றுதான் சொல்வார்கள்’ என ஒருவரும், ‘பூட்டி என்றுதான் தெரியும்’ என மற்றொருவரும் விடையளித்தனர். உறவுப் பெயர் இயற்பெயரை விழுங்கிவிட்டது. மாணவர்க்கு இட்ட பணியை ஆசிரியரும் செய்து பார்ப்பதே முறை அன்றோ? இராஜபாளையத்தில் வேரூன்றிய எம் குடும்பத்தின் ஏடுகளை யாமும் தேடத் தொடங்கினோம்.

ஸ்காட்லாந்து காட்டும் வழி

குடிவழி தேடுவதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு ஸ்காட்லாந்து. அந்நாட்டுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பழையது. திராவிட மொழிகளின் உறவை உலகுக்கு விளக்கிய கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவராயினும் அவர்தம் பெற்றோர் ஸ்காட்லாந்தியரே. அவர் பயின்றதும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில்தான். தென்னகத்துச் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் மலைபோல் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் பிறந்தவர். அவர் 1783இல் சென்னைக்கு வந்தார்; 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார்; 1821இல் மறைந்தார். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ள அவருடைய தொகுப்பில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் பல காணப்படுகின்றன. இராஜபாளையத்தைச் சூழ்ந்த சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகியவை ஒரு காலத்தில் பாளையங்களாக விளங்கியவை. பாளையக்காரருக்கு வம்சாவளி உண்டு. அவர் குதிரைக்குப் புல் அறுத்தவருக்கு இல்லை.

ஸ்காட்லாந்திலோ புல் அறுத்தவருக்கும் ஏடு உண்டு. ஒவ்வொரு திருச்சபை வட்டமும் ஞானஸ்நானத்தையும் திருமண அறிவிப்பையும் எழுதி வைக்க வேண்டும் என 1552ஆம் ஆண்டிலேயே அங்குச் சமயக் குழு விதித்தது. எஞ்சியுள்ள ஏடுகளுள் மிகப் பழையது பெர்த் பகுதியைச் சேர்ந்த எரோல் என்னும் சிற்றூரினது. அது 1553இல் தொடங்குகிறது. 1855 சனவரி முதல் நாள் அரசே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவைக் கட்டாயமாக்கி மேற்கொண்டது. அதற்கு முந்திய மூன்று நூற்றாண்டுக்கும் திருச்சபை ஏடுகளே சான்று. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்களின் ஏடுகள் எடின்பரோ நகரில் ஒருங்கே காக்கப்படுகின்றன. 2002 முதல் அவற்றைக் கணினி வழியே உலகின் எம்மூலையிலிருந்தும் காண இயல்கிறது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் ஒருவர், தம் முன்னோர் எந்த ஊரில் எந்த நாளில் திருமுழுக்குப் பெற்றனர் என்பதைத் தம் வீட்டிலிருந்தே படிக்கிறார்.

அவ்வேடுகளும் குறையற்றவை அல்ல. எல்லா ஊர்களிலும் அவை ஒரே காலத்தில் தொடங்கவில்லை. மலைநாட்டிலும் தீவுகளிலும் மிகப் பிந்தியே தொடங்கின. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. அவ்வரிக்கு அஞ்சிய ஏழைகள் பலர் தம் மக்கள் பெயரைப் பதியாமலே விட்டனர். ஒருவர் பெயரையே மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதியிருப்பதும் உண்டு. ஆயினும் தேடுவோருக்கு உதவும் இரண்டு வழக்கங்கள் அங்கு இருந்தன. ஒன்று, திருமணத்திற்குப் பின்னும் பெண்ணின் பிறந்த குடிப்பெயர் ஏட்டில் நின்றது. குழந்தையின் திருமுழுக்குப் பதிவில் தாயின் பெயரும் அவள் பிறந்த குடியின் பெயரும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. மற்றொன்று, தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடும் மரபு. ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பெயர் வரிசையைக் கொண்டே அவர்தம் பாட்டனார் யாவர் என ஊகிக்க இயலும்.

இம்மரபு நமக்குப் புதியதன்று. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபே. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஸ்காட்லாந்தியர் வழக்கமாகக் கொண்டதைத் தமிழர் சொல்லாகவே சேமித்து வைத்துள்ளனர். இதனை வாசகர் மனத்தில் இருத்துக. பின்னர் இது பயன்படும்.

போர்வையும் சந்தூக்கும்

ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு திருச்சபையையும் மூப்பர் குழு ஒன்று நடத்தி வந்தது. நம் ஜமாஅத் நிருவாகத்தை அறிந்தவர்க்கு அக்குழுவைப் புரிந்துகொள்ளுதல் எளிது. ஏழைகளுக்கு உதவுவது, பிணக்குகளைத் தீர்ப்பது, ஒழுக்கம் தவறியோரை விசாரிப்பது ஆகிய யாவும் அக்குழுவின் கடமைகள். விசாரணைகளை அவர்கள் எழுதி வைத்தனர். குடும்பங்கள் மறைக்க விரும்பிய செய்திகள் அக்குறிப்புகளில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அக்குழுவின் கணக்கேடும் தேடுவோர்க்கு ஒரு புதையல். சவப்பெட்டியின் மீது போர்த்தும் துணியைத் திருச்சபை வாடகைக்குக் கொடுத்தது. பல ஊர்களில் அடக்கப் பதிவேடே இல்லை. ஆனால் போர்வை வாடகையாக இன்னார் வீட்டிலிருந்து இத்தனை பென்னி வந்தது என்று கணக்கில் ஒரு வரி இருக்கும். ஒரு மனிதர் இவ்வுலகை விட்டு நீங்கிய நாளுக்கு அவ்வொரு வரியே சான்று.

இதனைப் படித்தபோது நம் பள்ளிவாசல் கணக்கேடுகள் எம் நினைவுக்கு வந்தன. நம்மவர் கபுறுகளில் பெரும்பாலும் எழுத்துப் பொறிப்பதில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு மீஸான் கற்கள் நிற்கும். மழையும் காலமும் அவற்றையும் சாய்த்துவிடும். ஆனால் குழி வெட்டிய கூலி, சந்தூக்கைச் செப்பனிட்ட செலவு, மையத்து வீட்டார் அளித்த நன்கொடை ஆகியவை வரவு செலவு ஏட்டில் ஏறியிருக்கும். எவரும் வரலாறு எழுத எண்ணி அவற்றை எழுதவில்லை. அதனாலேயே அவற்றை நம்பலாம்.

நம் பக்கத்து ஏடுகள்

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அருகருகே அமைந்த ஊர்கள். எனினும் அவ்வூர்களின் பழைய ஏடுகளைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது அவற்றை ஆண்ட மாவட்டத்தின் வரலாறு. 1910க்கு முன் இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு இணைந்தது. 1985இல் காமராசர் மாவட்டம் என்னும் பெயரில் பிறந்ததே இன்றைய விருதுநகர் மாவட்டம். ஆகவே ஒரே தெருவைப் பற்றிய ஆவணங்கள் காலத்திற்கேற்ப மூன்று மாவட்டங்களின் பெயரில் சிதறிக் கிடக்கின்றன. இதனை அறியாதார் விருதுநகரில் தேடி இல்லையென்று திரும்புவர்.

இரண்டாவதாக அறிய வேண்டுவது ஆண்டுக் கணக்கு. திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவன. ‘பரிதாபி’ என்று மட்டும் இருந்தால் அது 1912இல் தொடங்கியதா, 1972இல் தொடங்கியதா என்பதைப் பிற குறிப்புகளால் துணிய வேண்டும். பள்ளிவாசல் ஏடுகளில் ஹிஜ்ரி ஆண்டு வரும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது. ஆதலின் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்கு ஈடாகும்.

நிலம் பற்றிய ஏடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1858இல் அமைக்கப்பெற்ற இனாம் ஆணையம், கோயில்களும் பள்ளிவாசல்களும் தர்காக்களும் தனி மனிதரும் துய்த்து வந்த மானிய நிலங்களை ஊர்தோறும் விசாரித்துப் பதிந்தது. அனுபவித்தவர், அவர்தம் வாரிசு என்று பெயர்கள் அதில் வரும். ஆனால் வருவோர் பெரும்பாலும் ஆடவரே. பிறப்பு இறப்புப் பதிவுக்கெனச் சென்னை மாகாணத்தில் 1899இல் ஒரு சட்டம் வந்தது; நாடு முழுமைக்குமான இன்றைய சட்டம் 1969இல் வந்தது. பழைய பிறப்பேடுகளில் குழந்தைக்குப் பெயர் இடுவதற்கு முன்பே பதிவு நடந்துவிடும். எனவே தந்தையின் பெயருக்கு எதிரே ‘பெண்’ என்ற ஒரு சொல் மட்டுமே நிற்கும்.

கிறித்தவ நண்பர்களுக்குத் திருச்சபை ஏடுகள் உண்டு. பாளையங்கோட்டையின் 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றனர். 1778இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பெண்மணி அச்சபையின் தூணாக விளங்கினார். சென்னை மாகாணத்தில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர் ஆகியோரின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளுக்குப் படியெடுத்து இலண்டனுக்கு அனுப்பி வந்தனர். அப்படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆதலால் தென்னாட்டில் காய்ச்சலால் இறந்த ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயின் குடிவழியை அவன் நாட்டார் இன்று எளிதில் அறிவர். அதே ஊரில் அதே காய்ச்சலால் இறந்த நம் முன்னோர் பெயரை நாம் அறியோம்.

அப்படியாயின் நமக்கு எதுவும் இல்லையோ எனில், உண்டு. நிக்காஹ் பதிவேடு உண்டு. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்திற்கும் முன்பிருந்தே நிக்காஹைச் சாட்சிகளோடு நடத்துவதும், இயன்ற இடங்களில் எழுதி வைப்பதும் நம்மவர் வழக்கம். மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், ஊர், மணமகள் பெயர், அவர் தந்தை பெயர், மஹர் தொகை, வலீ, சாட்சிகள் இருவர், நடத்தி வைத்தவர் என அதன் பத்திகள் அமையும். இவற்றுள் எம் கவனத்தை ஈர்த்தது ஒன்றே. பெண்ணின் இசைவின்றி நிக்காஹ் இல்லை. மஹர் அவளுக்கே உரிய பொருள். ஆகவே எழுதுவோர் விரும்பினும் விரும்பாவிடினும் பெண்ணின் பெயரை எழுதியே ஆக வேண்டும். நிலப் பத்திரத்திலும் வரி ரசீதிலும் சந்தாப் பட்டியலிலும் இடம்பெறாத நம் பாட்டியர், தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை எழுத்தில் ஏறினர். அவ்வெழுத்து இருக்கும் இடம் அவர்கள் பிறந்த ஊரின் பள்ளிவாசல்.

இராஜபாளையத்து ஏடு

எம் குடும்பத்தில் வழங்கிய செய்தி இதுவே: எம் பாட்டனாருடன் பிறந்தவர் இருவர், ஆக ஆண்மக்கள் மூவர், பெண்மக்கள் இல்லை. 1926ஆம் ஆண்டு எழுதப்பெற்ற பாகப்பிரிவினைப் பத்திரமும் இதனையே உறுதி செய்தது. தந்தையார் காலமானபின் சகோதரர் மூவரும் வீட்டையும் நஞ்சை புஞ்சைகளையும் மூன்று கூறாக்கிக் கொண்டதை அது விரிவாகக் கூறுகிறது. வடக்குக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பது வரை அதில் உண்டு.

பாட்டனாரின் தாயார் பெயரை அறியும் நோக்கத்தோடு நிக்காஹ் ஏட்டைக் காணச் சென்றோம். பழைய ஏடுகளை எடுத்துத் தந்த நிருவாகத்தினரின் அன்பு என்றும் மறக்கற்பாலதன்று. தலைப்புகள் அரபியிலும் பெயர்கள் தமிழிலும் தொகைகள் தமிழ் எண்களிலும் இருந்தன. மை பழுப்பேறியிருந்தது. ஒரே பெயர் ஓரிடத்தில் முகம்மது எனவும், ஓரிடத்தில் மகமது எனவும், பிறிதோரிடத்தில் மம்மது எனவும் இருந்தது. பக்கம் பக்கமாக, வரி வரியாகப் படிப்பதன்றி வேறு வழியில்லை. நாடிய பெயர் கிட்டவில்லை. அக்காலத்து ஏடு கறையானுக்கு இரையாகிவிட்டது என்றனர்.

திரும்ப எண்ணிய வேளையில், ஹிஜ்ரி 1331ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தில், அதாவது 1913 அளவில், எம் பூட்டனாரின் பெயர் கண்ணில் பட்டது. மணமகளின் தந்தை என்னும் பத்தியில் அது இருந்தது. ஊர், தெரு, குடும்பப் பட்டப்பெயர் எல்லாம் பொருந்தின. சாட்சிகளுள் ஒருவர் எம் பாட்டனாரின் சிறிய தந்தையார். மணமகன் திருவில்லிபுத்தூரைச் சேர்ந்தவர். மணமகளின் பெயரும் அங்கே தெளிவாக இருந்தது. பெண்மக்களே இல்லையென்று எம் வீடு கூறிய இடத்தில், ஒரு பெண் தம் பெயரோடும் மஹரோடும் சாட்சிகளோடும் நின்றார்.

1913இல் மணம் முடித்த மகளை 1926ஆம் ஆண்டுப் பத்திரம் அறியவில்லை. இறந்துவிட்டாரோ என எண்ணினோம். இறந்திருந்தால் அப்படி ஒருவர் இருந்தார் என்ற பேச்சாவது வீட்டில் எஞ்சியிருக்கும். பெயரே இல்லாமல் போனதற்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும். அக்காலத்தில் பெண்ணுக்கு நகையும் சீரும் செய்து அனுப்பியதோடு பங்கு முடிந்தது என்று கருதிய குடும்பங்கள் பல. மார்க்கம் மகளுக்குப் பங்கு வகுத்திருக்க, ஊர் வழக்கம் அதனை விட்டுக்கொடுக்கச் சொன்னது. 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தபோதும் விளைநிலம் அதற்குப் புறம்பாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தமே விளைநிலத்தையும் அதனுள் கொணர்ந்தது.

திருவில்லிபுத்தூரில்

நிக்காஹ் ஏட்டின் வழி செல்வோர் ஊர் விட்டு ஊர் நடக்க வேண்டும். மணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடப்பதால் ஒவ்வொரு தலைமுறைத் தாயைத் தேடவும் வேறொரு பள்ளிவாசலின் வாயிலை அடைய வேண்டும். ஸ்காட்லாந்திலும் திருமண அறிவிப்பு இருவர் ஊரிலும் ஓதப்படும். தேடுவோர் இரண்டு வட்டத்து ஏடுகளையும் புரட்டுவர். நாமோ ஒரு முனையைப் பற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடந்தோம்.

திருவில்லிபுத்தூரில் பிற்காலத்து ஏடுகள் நன்னிலையில் இருந்தன. மணமகனின் பெயரையும் குடும்பப் பட்டப்பெயரையும் கொண்டு தேடினோம். அவர் மக்களுள் மூவரின் நிக்காஹ்கள் கிடைத்தன. 1952ஆம் ஆண்டுக்குரிய பதிவு ஒன்றில் அவருடைய இளைய மகனின் பெயர் இருந்தது. அது எம் பூட்டனாரின் பெயர். முன்னொட்டும் பின்னொட்டும் மாறாத அதே பெயர். பதிவிலிருந்த வயதைக் கணக்கிட்டால் அவர் பிறந்தது 1927ஆக வேண்டும். தந்தை மறைந்து, சகோதரர்கள் தம்மை விலக்கிப் பத்திரம் எழுதிய மறு ஆண்டில் பிறந்த மகனுக்கு அப்பெண்மணி தம் தந்தையின் பெயரை இட்டிருக்கிறார். பெயரன் என்னும் சொல்லுக்கு அகராதி தராத விளக்கம் ஒன்றை அவ்வேட்டில் கண்டோம்.

அம்மகனின் மூத்த மகளார் எழுபது வயதைக் கடந்து அவ்வூரிலேயே வாழ்கிறார். யாம் சென்று எம் ஊரையும் தெருவையும் சொன்ன அளவில், அவர் எம் பாட்டனார் மூவரின் பெயர்களையும் மூத்தோர் முறைப்படி தடையின்றிச் சொன்னார். ‘எங்கள் நன்னி இந்த மூன்று பெயரையும் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கிணறு, வேப்பமரம், மச்சு வீடு எல்லாம் சொல்வார்கள். ஆனால் போக மாட்டார்கள்’ என்றார். அவர் கண்டிராத வீட்டின் அமைப்பை அவர் வாயிலாகக் கேட்டோம். எம் வீட்டில் மூன்றாம் தலைமுறையிலேயே அழிந்துபோன ஒரு பெயர். அவர்கள் வீட்டிலோ எம் முன்னோர் பெயர்கள் மூன்றும் நூறாண்டாக உயிரோடு இருந்தன. பங்கு கொடாதவர் மறந்தனர். பங்கு பெறாதவர் நினைவில் வைத்திருந்தனர். குடும்ப வரலாறு என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் பத்திரம் எழுதியவர் வீட்டு வரலாறே என்பதை அன்று உணர்ந்தோம்.

இச்செய்தியை எம் வீட்டுப் பெரியோரிடம் வைத்தபோது இருவேறு கருத்துகள் எழுந்தன. ‘மூடிய குழியை ஏன் தோண்டுகிறீர்கள்? இருப்பவர் பெயருக்கு இழுக்கு’ என்றார் ஒருவர். ‘ஏட்டில் இருப்பதை நாம் மறைத்தால் போய்விடுமா? அல்லாஹ்விடம் இருக்கும் ஏட்டை என்ன செய்வது?’ என்றார் மற்றொருவர். அந்நிலங்கள் எம் பாட்டனார் காலத்திலேயே விலைபோய்விட்டன. இன்று அளந்து கொடுக்க ஒரு சென்ட் இல்லை. ஆயினும் பேச்சை எடுப்பது கடமை எனக் கருதித் திருவில்லிபுத்தூர் அம்மையாரிடம் அதனைச் சொன்னோம். பால்கோவாத் தட்டை எம் பக்கம் நகர்த்தியவாறே அவர் சொன்னது இவ்வளவே: ‘பங்கு எதற்குத் தம்பி? வந்து போக இருங்கள்.’

பெருமைக்கன்று, உறவுக்கு

குடிவழி தேடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பலர் தேடுவது முன்னோரை அன்று, தம் பெருமையை. அரச குலத்தோடும் ஞானியர் மரபோடும் தம்மை இணைக்கும் ஓர் ஏடு கிடைத்துவிடாதா என ஏங்குவோர் எந்நாட்டிலும் உளர். இராஜபாளையத்து நாய் இனத்திற்கு 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. தூய வழித்தோன்றல் என்று சான்று பெற்ற குட்டிக்கு விலையும் மிகுதி. நாய்க்கு அது பொருந்தும். மனிதனுக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. உயர்வு இறையச்சத்தால் அன்றிக் குலத்தால் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை.

திருவில்லிபுத்தூரின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். அவ்வூரின் புகழ்பெற்ற மகளாகிய கோதை, துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த குழந்தை என்பது வைணவ மரபு. பிறப்பு ஏடு இல்லாத அக்குழந்தையால் ஊர் பெயர் பெற்றது. தமிழும் பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் ஏடுகளிலும் வீதியில் கண்டெடுக்கப்பெற்ற குழந்தைகள் உண்டு. பெற்றோர் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பினும் குழந்தைக்கென ஒரு வரி ஒதுக்கினர். யாரையும் எழுதாமல் விடாதிருப்பதே ஏட்டின் அறம்.

பின் எதற்காகத் தேடுவது? உறவைப் பேணும் அளவுக்கேனும் உங்கள் வமிசத்தை அறிந்துகொள்ளுங்கள் என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. தேடலுக்கு நோக்கமும் எல்லையும் அதனுள்ளேயே உள்ளன. உறவு அறுந்த இடத்தை அறிந்து அதனை முடிந்து வைக்கவே வமிச அறிவு. அவ்வாண்டு எம் இல்லத்தில் நடந்த ஒரு நிக்காஹுக்குத் திருவில்லிபுத்தூரிலிருந்து பதினொருவர் வந்தனர். அழைப்பிதழில் அவர்கள் பெயரும் இருந்தது. நூறாண்டுக்குப் பின் அவ்வீட்டார் அந்தத் தெருவில் நடந்தனர். வேப்பமரம் இல்லை, கிணறு இருந்தது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டு மூத்தோர் உயிரோடு இருக்கும்போதே வினவுங்கள். நன்னியின் இயற்பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது, உடன்பிறந்தார் எத்தனை பேர், அவருள் வீட்டாரோடு பேசாதிருந்தவர் யார் என வினவுங்கள். இறுதி வினாவைக் கூசாமல் கேளுங்கள். ஏடுகள் பெரும்பாலும் அங்கேதான் திறக்கும். கேட்டதை ஆண்டு குறித்து எழுதி வையுங்கள். தமிழ் எண்களையும் அரபுத் தமிழையும் படிக்கப் பழகுங்கள். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அருகி வருகின்றனர். இன்னும் ஒரு தலைமுறை சென்றால் ஏடு இருக்கும், கண் இராது.

ஜமாஅத் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள் இரண்டு. பழைய நிக்காஹ் ஏடுகளையும் கணக்கேடுகளையும் ஈரம் படாத பெட்டியில் வைத்து, பக்கந்தோறும் படமெடுத்து, ஒரு படியை வேறோர் இடத்தில் காக்க ஆவன செய்யுங்கள். அது ஒரு கட்டடம் எழுப்பும் செலவில் நூறில் ஒரு பங்கும் ஆகாது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணங்கள் இன்று அரசிடமும் பதிவாகின்றன. ஆயினும் பழையவற்றுக்கு நம் ஏட்டைத் தவிர வேறு சான்றில்லை. இரண்டாவது, இனி எழுதும் ஏட்டில் மணமகன் மணமகள் இருவரின் தாயார் பெயருக்கும் ஒரு பத்தி சேருங்கள். ஸ்காட்லாந்தின் சிற்றூர் எழுத்தர் பன்னெடுங்காலம் முன்பே எழுதிய ஒன்றை நாம் எழுதுவதற்குத் தேவைப்படுவது ஒரு கோடும் ஓர் அங்குல இடமுமே. அவ்வோர் அங்குலத்தை நம்பி, நாளை ஒரு பேரன் தன் பாட்டியைத் தேடி வருவான்.